குதுப் மினார் முதல் கோல் கும்பஸ் வரை: ஒரு வளைவின் கதை

டெல்லிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மெஹ்ரோலியில் உள்ள குதுப் மினார் வளாகத்தில் இரண்டு விஷயங்களைத் தவறாமல் பார்ப்பார்கள். ஒன்று, 72.5 மீட்டர் உயரமுள்ள மினார். இன்னொன்று, சுமார் 1600 ஆண்டுகளாகத் துருப்பிடிக்காமல் நிற்கும் இரும்புத் தூண். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோர்க்க முடிந்தால் அதிர்ஷ்டம் வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்ததில் தூண் தேய ஆரம்பித்ததால் 1997ல் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். இப்போது வேலிக்கு வெளியே நின்று படம் மட்டும் எடுத்துக் கொள்ளலாம்.

அப்படி எடுக்கும் படத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு பெரிய கல் வளைவு தானாக வந்து விழும். உயரம் சுமார் 16 மீட்டர். 1199ல் எழுந்தது. படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் இந்தியாவில் இஸ்லாமியக் கட்டிடக்கலை எப்படி வளர்ந்தது என்ற கதையை அந்த வளைவில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் அது ஒரு பொய் வளைவு!

பொய் என்றால்? பார்வைக்கு வளைவு மாதிரி இருக்கும், ஆனால் வளைவு செய்ய வேண்டிய வேலையை அது செய்யவில்லை. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கொத்தனார் வேலை தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாசலுக்கு மேல் கல்லை நிறுத்த இரண்டு மூன்று வழிகள் உண்டு. சுலபமானது, இரண்டு பக்கமும் தூண் நிறுத்தி மேலே ஒரு நீளமான கல் உத்தரத்தைப் படுக்க வைப்பது. நம் கோயில்கள் எல்லாம் இந்த முறைதான். இதில் ஒரு சிக்கல், கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கும் பலம் நிறைய உண்டு, இழுவிசையைத் தாங்கும் பலம் குறைவு. நீளமான கல்லை இரண்டு முனையில் மட்டும் தாங்கிப் பிடித்தால் நடுவில் அடிப்பக்கம் விரிசல் விட்டு உடைந்துவிடும். அதனால் தூண்களை நெருக்கி நெருக்கி வைத்தாக வேண்டும். ஆயிரங்கால் மண்டபங்களுக்கு அத்தனை கால்கள் வந்ததில் அழகுக்கு ஒரு பங்கு உண்டு என்றால், இந்தக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டாவது வழி, இரண்டு பக்கச் சுவரில் இருந்தும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டி நீட்டி வைத்துக்கொண்டே போய் உச்சியில் சேர்த்துவிடுவது. தூணின் தலையில் வைக்கும் போதிகையும் இந்தத் தத்துவம்தான். கோயில் சிற்பிகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நீட்டி வைத்த கற்களின் உள்முனைகளை வளைவாகச் செதுக்கிவிட்டால் பார்ப்பதற்கு அச்சு அசலாக வளைவு போலவே இருக்கும். இதுதான் பொய் வளைவு.

மூன்றாவதுதான் மெய் வளைவு. கற்களை ஆப்பு வடிவத்தில் வெட்டி, விசிறி மாதிரி அடுக்கி, உச்சியில் ஒரு கல்லைச் செருகுவார்கள். மேலே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குமே தவிர விழாது. பாரம் முழுவதும் பக்கவாட்டில் இறங்கித் தரைக்குப் போய்விடும். உச்சிக்கல்லைச் செருகும் வரைக்கும் மட்டும் கீழே மரச்சாரம் தாங்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சாரத்துக்குப் பெயர் ‘சென்ட்ரிங்’. இன்றைக்கு நம்மூரில் கான்கிரீட் கூரை போடுமுன் ‘சென்ட்ரிங் அடிச்சாச்சா?’ என்று மேஸ்திரி கேட்கிறாரே, அதே வார்த்தைதான். வளைவே இல்லாத தட்டைக் கூரைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பொய் வளைவையும் மெய் வளைவையும் பிரித்துப் பார்க்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. கற்கள் சேரும் கோடுகளைப் பார்த்தாலே போதும். கோடுகள் எல்லாம் தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் பொய். சூரியக் கதிர் மாதிரி விரிந்து சாய்ந்திருந்தால் மெய். குதுப் வளாகத்துப் பெரிய வளைவில் கோடுகள் படுத்திருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியர்களுக்கு மெய் வளைவே தெரியாது, துருக்கியர் வந்துதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சில புத்தகங்களில் இருக்கும். அது சரியல்ல. கான்பூர் பக்கம் பீதர்காவ் என்ற ஊரில் 5ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோயில் ஒன்று இருக்கிறது. குப்தர் காலத்தது. அதில் மெய் வளைவு உண்டு. ஆக, தெரியாமல் இல்லை. ஆனால் கல்லில் கட்டியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. கருவறை சின்னதாக, இருட்டாக இருந்தால் போதும். சுவாமி புறப்பாட்டைப் பார்க்கிறவர்கள் தூண்களுக்கு நடுவே நின்று பார்த்துக்கொள்வார்கள். பள்ளிவாசலின் தேவை வேறு. நூற்றுக்கணக்கான பேர் தோளோடு தோள் உரசி வரிசையாக நின்று தொழ வேண்டும். மறைக்காத பெரிய இடம் வேண்டும். பாரசீகத்திலும் மத்திய ஆசியாவிலும் அதற்கு வளைவும் குவிமாடமும்தான் வழி என்று எப்போதோ முடிவாகியிருந்தது.

1192ல் தராயின் போரில் பிருத்விராஜ் தோற்றார். வென்ற கோரி முகமதுவின் தளபதி குதுபுதீன் ஐபக் டெல்லியில் ஒரு ஜும்மா பள்ளிவாசல் கட்ட ஆரம்பித்தார். குவ்வத்துல் இஸ்லாம் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற பள்ளிவாசல் அதுதான். அதை எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதை அதன் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது: 27 கோயில்களின் கற்களைக் கொண்டு. உள்ளே போனால் கல்வெட்டைப் படிக்காமலே தெரியும். சுற்று மண்டபத்தில் நிற்பவை எல்லாம் கோயில் தூண்கள். உயரம் போதவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மணியும் சங்கிலியும் பூரண கும்பமும் செதுக்கிய தூண்கள். உருவங்களைச் சிதைத்திருக்கிறார்கள், அல்லது காரை பூசி மறைத்திருக்கிறார்கள். காரை உதிர்ந்த இடங்களில் அவை மீண்டும் எட்டிப் பார்க்கின்றன. அங்கே மறுபடி வழிபாட்டுக்கு அனுமதி வேண்டும் என்று தொடுத்த வழக்கை டெல்லி சிவில் நீதிமன்றம் ஒன்று 2021ல் தள்ளுபடி செய்தது. அதோடு பேச்சு நின்றுவிடவில்லை, மேல்முறையீடும் போனது.

ஆக, இந்தக் கட்டிடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். ‘எல்லாம் இடித்த கோயில்’ என்று ஒரு கட்சி. ‘பாரசீகத்தில் இருந்து வந்த மகத்தான கலை’ என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்வதில் இந்தப் பள்ளிவாசலைப் பொறுத்தவரை உண்மை இருக்கிறது, கல்வெட்டே சாட்சி. ஆனால் இரண்டு பேருமே மறந்துபோகிற ஒருவர் உண்டு. உளியைப் பிடித்தவர்.

1199ல் தொழுகை மண்டபத்துக்கு முன்னால் ஐந்து வளைவுகள் கொண்ட ஒரு கல் திரைச்சுவர் எழுந்தது. மண்டபம் அப்படியே கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறதே, பள்ளிவாசல் என்ற தோற்றம் வர வேண்டாமா என்று யோசித்திருப்பார்கள். கட்டளையிட்டவர்கள் மெய் வளைவைப் பார்த்துப் பழகிய கோர், குராசான் நாட்டுக்காரர்கள். கட்டியவர்கள் உள்ளூர்ச் சிற்பிகள். படையோடு வந்தவர்களில் குதிரை வீரர்கள் இருந்திருப்பார்கள், வளைவு கட்டத் தெரிந்த கொத்தர்கள் போதுமான அளவு வரவில்லை என்பதை அந்தச் சுவரே காட்டிக் கொடுக்கிறது. ‘இப்படி வளைந்து, மேலே கூராக வர வேண்டும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். சிற்பிகளும் சொன்ன வடிவத்தைத் தங்களுக்குத் தெரிந்த முறையில் கொண்டுவந்துவிட்டார்கள். கல்லை நீட்டி நீட்டி வைத்து, உள்பக்கம் செதுக்கி.

அந்தச் சுவரில் ஓடும் அரபு எழுத்துகளைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். எழுத்துக்கு இடையே கொடி படர்கிறது. இலையும் மொட்டும் கோயில் நிலைவாசலில் வரும் அதே கொடிதான். அந்த எழுத்துகளைச் செதுக்கிய கைக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கொடி தெரியும். பல தலைமுறையாக வந்த கொடி. இடித்த கோயிலின் கல்லில், இடிக்கச் சொன்னவருடைய வேத வரிகளை, கோயில் கொடியோடு சேர்த்துச் செதுக்கியவரின் மனதில் என்ன ஓடியிருக்கும்? எந்தக் கல்வெட்டும் அதைச் சொல்லவில்லை. அஜ்மீரில் உள்ள அடாய் தின் கா ஜோன்ப்ரா பள்ளிவாசலிலும் இதே கதை, இதே பொய் வளைவுகள், இன்னும் நேர்த்தியாக.

பொய் வளைவுக்கு ஒரு எல்லை உண்டு. சுவரில் ஒரு திறப்பு என்றால் சமாளித்துவிடலாம். குவிமாடம் என்று வந்தால்தான் சோதனை. 1235 வாக்கில் எழுந்த இல்துத்மிஷ் கல்லறை அதே வளாகத்தில் இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்கச் செதுக்கு வேலை, ஒரு சாண் இடம் வெறுமையாக இல்லை. சதுர அறையின் மேல் வட்டமான குவிமாடத்தை உட்கார வைக்க நான்கு மூலையிலும் மூலை வளைவு கட்டிச் சதுரத்தை எண்கோணமாக்கியிருக்கிறார்கள். யோசனை சரி. ஆனால் அந்த மூலை வளைவுகளும் நீட்டல் முறைதான். இன்று அந்தக் கல்லறைக்குக் கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானம். மேலே ஏதோ ஒரு குவிமாடம் இருந்து விழுந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

மெய் வளைவு எப்போது வந்தது? மினாரில் இருந்து நடந்தே போகும் தூரத்தில், மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குள், சுல்தான் பால்பனின் கல்லறை இருக்கிறது. காலம் சுமார் 1287. சொரசொரப்பான கற்சுவர், மேலே குவிமாடம் கிடையாது, அலங்காரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. சுற்றுலா பஸ்கள் அங்கே நிற்பதும் இல்லை. ஆனால் அதன் வாசல் வளைவில் கல் சேரும் கோடுகள் விசிறி மாதிரி விரிகின்றன. டெல்லி சுல்தான்களின் கட்டிடங்களில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் முதல் மெய் வளைவு அதுதான்.

1199க்கும் 1287க்கும் நடுவே கிட்டத்தட்ட 90 ஆண்டுகள். மூன்று தலைமுறை. இந்த இடைவெளியில் வெளியே ஒரு பூகம்பமே நடந்தது. 1219ல் தொடங்கி செங்கிஸ்கானின் படைகள் புகாரா, சமர்கந்த், மெர்வ், ஹெராத் என்று நகரம் நகரமாக அழித்தன. 1258ல் பாக்தாத் விழுந்தது. உயிர் தப்பிய பண்டிதர்களும் கைவினைஞர்களும் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். வளைவு கட்டத் தெரிந்த கைகள் அப்போதுதான் போதிய எண்ணிக்கையில் வந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். வந்தவர்கள் அகதிகள் என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும். படையெடுத்து வந்தவர்களால் கொண்டுவர முடியாத தொழிலை, ஊரை இழந்து ஓடி வந்தவர்கள் கொண்டு வந்தார்கள்.

அவர்களோடு சேர்த்து இன்னொன்றும் பரவலானது: சுண்ணாம்புச் சாந்து. அதற்கு முன் கற்கோயில்களில் கல்லின் மேல் கல்லைத் துல்லியமாக இழைத்து, சாந்து இல்லாமல், தேவைப்பட்ட இடத்தில் இரும்புப் பட்டை போட்டுப் பிணைப்பதுதான் வழக்கம். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்து புழக்கத்துக்கு வந்த பிறகு, சின்னக் கல்லையும் உடைகல்லையும் வைத்தே பெரிய வளைவு கட்ட முடிந்தது. செலவும் குறைந்தது, வேகமும் கூடியது.

1311ல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாஸா வரும்போது தடுமாற்றம் எதுவும் இல்லை. சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் கலந்த நுழைவாயில். சுவர் 3 மீட்டருக்கும் மேல் கனம். குதிரை லாட வடிவில் மெய் வளைவு, அதன் உள்விளிம்பில் தாமரை மொட்டு போல வரிசையாகக் கூர் வேலைப்பாடு. மேலே மெய்யான குவிமாடம், 700 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அதே அலாவுதீன், குதுப் மினாரைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொரு மினார் கட்ட ஆசைப்பட்டதும் உண்டு. 1316ல் அவர் செத்துப்போனதும் வேலை நின்றது. சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் குவியலாக அது இன்றும் கிடக்கிறது. முதலீடு செய்தவர் போனதும் கைவிடப்பட்ட திட்டங்களுக்கு நாட்டிலேயே பெரிய உதாரணம் அதுவாகத்தான் இருக்கும்!

அடுத்து வந்த துக்ளக்குகளிடம் ஒரு வேடிக்கை நடந்தது. துக்ளகாபாத் கோட்டைக்கு எதிரே கியாசுதீன் துக்ளக்கின் கல்லறை இருக்கிறது. 1325 வாக்கில் கட்டியது. கோட்டை மாதிரி சாய்வான சுவர்கள், மேலே வெள்ளைக் குவிமாடம். அதன் வாசலைப் பார்த்தால் மேலே நல்ல மெய் வளைவு இருக்கிறது. அதற்குக் கீழே குறுக்காக ஒரு கல் உத்தரமும் இருக்கிறது. வளைவு இருந்தால் உத்தரம் தேவையில்லை, உத்தரம் இருந்தால் வளைவு தேவையில்லை. இரண்டும் எதற்கு? வளைவின் மேல் இன்னும் முழு நம்பிக்கை வராத ஏதோ ஒரு தலைமைச் சிற்பி, எதற்கும் இருக்கட்டும் என்று உத்தரத்தையும் போட்டு வைத்தார் என்றுதான் சிரிப்போடு நினைக்கத் தோன்றுகிறது. பிறகு அதுவே ஒரு பாணியாகிவிட்டது. அந்தக் குவிமாடத்தின் உச்சியில் என்ன இருக்கிறது தெரியுமா? கோயில் விமானத்தின் உச்சியில் வருகிற கலசமும் நெல்லிக்கனி வடிவமும். ஒரு சுல்தானின் கல்லறைக்கு மேல் கலசம் வைப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

குதுப் மினாரை 1368ல் இடி தாக்கியது. அப்போது ஆட்சியில் இருந்தவர் பிரோஸ் ஷா துக்ளக், மத விஷயத்தில் கெடுபிடியானவர் என்று பெயர் எடுத்தவர். அவர்தான் பழுது பார்த்து மேல் அடுக்குகளைத் திருப்பிக் கட்டினார். ராஜாவின் பெயர் கல்வெட்டில் இருப்பது சகஜம். ஆனால் அந்த மினாரில் நாகரி எழுத்திலும் ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது. விக்கிரம ஆண்டு 1426, அதாவது கி.பி. 1369. பழுது பார்த்த சிற்பிகள் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்: நானா, சால்ஹா. வேலை நல்லபடியாக முடிந்தது ஸ்ரீ விஸ்வகர்மாவின் அருளால் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

170 வருடத்துக்கு முன் அதே வளாகத்தில், பெயர் தெரியாத சிற்பிகள் தங்கள் கைக்குப் பழகாத வளைவைத் திக்கித் திணறிக் கட்டினார்கள். அவர்களின் வழி வந்தவர்கள், பள்ளிவாசல் மினாரில், தங்கள் பெயரையும் தங்கள் தெய்வத்தின் பெயரையும் ஒளிவு மறைவில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். சுல்தான் ஆட்களும் அதை அழிக்கவில்லை. (பின்னாளில் வந்த வெள்ளைக்காரர் ராபர்ட் ஸ்மித் 1828ல் அதே மினாரின் தலையில் ஒரு வங்காள பாணிக் குடை மண்டபத்தை வைத்தார். பொருந்தவே இல்லை என்று 1848ல் இறக்கிப் புல்தரையில் வைத்துவிட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. ‘ஸ்மித்தின் அசட்டுத்தனம்’ என்பது அதன் பட்டப்பெயர்!)

இதன் பிறகு வளைவின் கதை தெற்கே இறங்குகிறது. டெல்லியில் இருந்து பிரிந்து 1347ல் தக்காணத்தில் பாமினி அரசு உருவானது. அது உடைந்து ஐந்தானதில் ஒன்று பீஜப்பூரின் அடில் ஷாகி அரசு. கிருஷ்ணா நதிக்கு இந்தப் பக்கம் விஜயநகரம். இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டார்கள், 1565ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் அழிந்தது. பள்ளிக்கூடப் புத்தகம் இதோடு நிறுத்திவிடும். ஆனால் ஹம்பிக்குப் போனால் லோட்டஸ் மஹால் என்று ஒரு கட்டிடம் நிற்கிறது. அடியில் கோயில் அதிட்டானம், நடுவில் இதழ் இதழாக மடிந்த இஸ்லாமிய வளைவுகள், மேலே விமானம் போன்ற கூரை. பக்கத்தில் யானை லாயம், வரிசையாக 11 அறைகள், மேலே குவிமாடங்கள். கட்டியவர்கள் விஜயநகரத்து ராயர்கள். போர்க்களத்தில் எதிரியாக இருந்தவனிடம் இருந்து வளைவை வாங்கிக்கொள்ள அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

பீஜப்பூரிலும் அப்படித்தான். இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷா (ஆட்சி 1580 முதல் 1627 வரை) இசைப் பைத்தியம். அவர் எழுதிய கிதாப்-இ-நவ்ரஸ் என்ற பாடல் நூல் சரஸ்வதியை வணங்கித் தொடங்குகிறது. ஜகத்குரு என்றே அவரை மக்கள் அழைத்தார்கள். அவருடைய கல்லறை வளாகமான இப்ராஹிம் ரௌசா நுணுக்கமான வேலைப்பாட்டுக்குப் பெயர் போனது. அப்பாவை அழகில் மிஞ்ச முடியாது என்று தெரிந்தோ என்னவோ, மகன் முகமது அடில் ஷா அளவில் மிஞ்சுவது என்று இறங்கினார். அதன் விளைவுதான் கோல் கும்பஸ்.

அளவைச் சொன்னால்தான் புரியும். ஒவ்வொரு பக்கமும் சுமார் 41 மீட்டர் உள்ள சதுரக் கூடம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மேலே ஒரே குவிமாடம், வெளி விட்டம் சுமார் 44 மீட்டர், உள் விட்டம் சுமார் 38 மீட்டர். கனம் சுமார் 3 மீட்டர். ரோமாபுரியின் பாந்தியன் குவிமாடம் விட்டத்தில் பெரியது, 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பாந்தியன் வட்டக் கூடம், கோல் கும்பஸ் சதுரக் கூடம். தூண் இல்லாமல் மூடிய தரையின் பரப்பைக் கணக்கிட்டால் பாந்தியன் 1,470 சதுர மீட்டர் சொச்சம், கோல் கும்பஸ் கிட்டத்தட்ட 1,700.

எந்தக் குவிமாடத்துக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. அது அடியில் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும், சுவரைத் தள்ளும். அதற்காக ஐரோப்பாவில் இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், சுவருக்கு வெளியே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பீஜப்பூர்க் கொத்தர்கள் வேறு ஒன்று செய்தார்கள். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும், இல்லையா? கோலத்தில் வருமே, அதே போல. அந்த நட்சத்திரத்தின் கோடுகளில் எட்டு பெரிய வளைவுகளை ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும்படி எழுப்பினார்கள். அவை சேரும் இடங்கள் கூடத்தின் உள்பக்கமாகச் சாய்ந்து தொங்குகின்றன. குவிமாடம் வெளியே தள்ளுகிறது, இந்தச் சாய்ந்த பாரம் உள்ளே இழுக்கிறது. கணக்கு சமன். 19ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்த கட்டிடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை வியந்து எழுதியிருக்கிறார்.

குவிமாடத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்ததால் சுற்றிலும் உள்பக்கம் ஒரு நடைபாதை கிடைத்தது. அதுதான் ‘கிசுகிசு மாடம்’. இந்தப் பக்கம் சுவரோடு வாய் வைத்து மெதுவாகப் பேசினால் எதிர்ப்பக்கம் 38 மீட்டர் தள்ளி நிற்கிறவர் காதில் தெளிவாக விழும். கை தட்டினால் ஏழெட்டு முறை எதிரொலிக்கும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரும் நாளில் போனால் இந்த அற்புதம் எதுவும் கேட்காது, காது வலி மட்டும்தான் மிச்சம்.

முகமது அடில் ஷா 1656ல் இறந்து அங்கேயே அடக்கமானார். வெளி வேலைப்பாடு முழுதாக முடியவில்லை. அவர் மகன் இரண்டாம் அலி அதையும் மிஞ்ச ஆசைப்பட்டு ஒரு கல்லறையை ஆரம்பித்தார். 1672ல் அவரும் போனார். வளைவுகள் மட்டும் வரிசையாக எழுந்து, கூரை இல்லாமல், பாரா கமான் என்ற பெயரில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 1686ல் ஔரங்கசீப் பீஜப்பூரைப் பிடித்தார். ஊருக்கு 2014ல் விஜயபுரா என்று பெயர் மாற்றினார்கள். கோல் கும்பஸ் பெயரில் ரயிலே ஓடுகிறது. அதே 2014ல் தக்காண சுல்தான்களின் சின்னங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன.

கோல் கும்பஸ் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மதுரையில் இன்னொரு கட்டிடம் எழுந்தது. 1636ல் கட்டிய திருமலை நாயக்கர் மஹால். பீஜப்பூர் படைகள் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, 1640களின் கடைசியில் செஞ்சியைப் பிடித்த காலம் அது. திருமலை நாயக்கர் அவர்களோடு சேர்ந்தும் இருந்தார், முறைத்தும் இருந்தார். மீனாட்சியம்மன் கோயிலில் புது மண்டபம் கட்டியபோது அவர் வைத்தது கல் தூணும் கல் உத்தரமும். தனக்கு அரண்மனை என்று வந்தபோது கேட்டது செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும், பல மடிப்பு வளைவுகளும், சொர்க்க விலாசத்தின் மேல் ஒரு பெரிய குவிமாடமும். அந்த வளைவுகளுக்கு மேல் யாளியும் உட்கார்ந்திருக்கிறது.

மதுரையில் இருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் கீழக்கரை. முத்துக்குளிப்பும் கப்பல் வியாபாரமும் செய்த மரைக்காயர்களின் ஊர். அங்குள்ள பழைய ஜும்மா பள்ளியின் கல் மண்டபம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. சீதக்காதி என்று நாம் அறிந்த வள்ளலின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. டெல்லியில் மெய் வளைவு வந்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, மதுரையின் இந்து அரசரே குவிமாடம் கட்டிக்கொண்ட காலத்தில், கீழக்கரை முஸ்லிம்கள் தங்கள் தொழுகைக் கூடத்துக்குக் கல் தூணையும் போதிகையையும் உத்தரத்தையும் தட்டைக் கூரையையும் கேட்டு வாங்கினார்கள். கோயில் மண்டபத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், தூண்களில் உருவங்கள் இல்லை, பூவும் கொடியும் கோலமும் மட்டும். கூட்டுத் தொழுகைக்குத் தூண் இடைஞ்சல் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடவில்லை. தூண்களுக்கு நடுவே வரிசை போட்டுத் தொழுதார்கள், இன்றும் தொழுகிறார்கள்.